மரபிழையைப் பிரிக்கும் வளையம்

உயிருள்ள ஒவ்வொரு கலமும் தான் இரண்டாகப் பிரிவதற்கு முன்னர்ச் செய்து முடிக்க வேண்டிய பணி ஒன்று உண்டு. தன்னகத்தே உள்ள பரம்பரைச் செய்தி முழுவதையும் பிழையின்றிப் படியெடுத்து, தோன்றவிருக்கும் இரு கலங்களுக்கும் ஒவ்வொரு முழுப் படியாக வழங்க வேண்டும் என்பதே அது. அச்செய்தி டி. என். ஏ. என்னும் நெடிய இழையிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. மனித உடலின் ஒரு கலத்திலுள்ள டி. என். ஏ. முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி நீட்டினால் அதன் நீளம் ஏறத்தாழ 2 மீற்றர் ஆகும். அதன் குறுக்களவோ ஒரு மில்லிமீற்றரில் 5 இலட்சத்தில் ஒரு பங்கு மாத்திரமே. இத்துணை நீண்டதும் இத்துணை நுண்ணியதுமான இழை, கலத்தின் கருவினுள்ளே சில மணி நேரத்தில் முற்றாகப் படியெடுக்கப்பட்டு விடுகின்றது.

இப்பணியின் முன்னணியில் நின்று வழிதிறந்து செல்வது ஒரு நொதியம். முறுக்குண்டு கிடக்கும் இரட்டை இழையைத் தனித்தனி இழைகளாகப் பிரித்துக் கொடுப்பது அதன் தொழில். ஹெலிக்கேசு என்பது அதன் பெயர். சுருள் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. இந்நொதியம் எவ்வாறு தொழிற்படுகின்றது என்ற வினாவுக்கு விடை, பெரும்பாலும் அதன் உருவ அமைப்பிலேயே அடங்கியிருக்கின்றது. அவ்வமைப்பினால் விளையும் நன்மை யாது, அதே அமைப்பினால் நேரும் இடர் யாது, அவ்விடரையே கலம் எவ்வாறு தனக்கு ஒரு காவலாக மாற்றிக் கொண்டது என்பன அறியத்தக்க செய்திகளாம்.

ஹெலிக்கேசு கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே அதன் தேவை உணரப்பட்டிருந்தது. 1953-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிறிக் ஆகிய இருவரும் டி. என். ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை உலகுக்கு அறிவித்தனர். இலண்டனில் ரோசலிண்ட் பிராங்கிளின், மொறிஸ் வில்கின்ஸ் ஆகியோர் எக்ஸ்-கதிர் கொண்டு நிகழ்த்திய ஆய்வுகள் அதற்குத் துணை நின்றன. இவ்வமைப்பின்படி இரண்டு இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுகியிருக்கின்றன. ஒவ்வோர் இழையிலும் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு வகை மூலங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஓர் இழையின் அடினினுக்கு எதிரே மற்றதன் தைமினும், குவானினுக்கு எதிரே சைற்றோசினும் ஐதரசன் பிணைப்புக்களால் கோக்கப்பட்டுள்ளன. எனவே ஓர் இழையின் வரிசை தெரியுமாயின் மற்ற இழையின் வரிசையும் தானே தெரியும். இழைகள் இரண்டும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கேற்ற புதிய துணையை ஆக்கிக்கொள்ளுமாயின், ஒன்று இரண்டாகும். பரம்பரையின் மறைபொருள் இவ்வளவு எளிதாக விளங்கியது கண்டு அறிஞருலகம் வியந்தது.

ஆயினும் ஓர் ஐயம் உடனே எழுந்தது. இரண்டு இழைகளும் ஏறத்தாழ ஒவ்வொரு பத்தரை மூலச் சோடிக்கும் ஒரு முறை ஒன்றையொன்று சுற்றியுள்ளன. மனிதக் கலத்தில் உள்ள மூலச் சோடிகளோ ஏறக்குறைய 600 கோடி. அவ்வாறாயின் அறுபது கோடிக்குச் சற்றே குறைந்த சுற்றுக்கள் அவிழ்க்கப்பட வேண்டும் அன்றோ? இவ்விடர்ப்பாட்டை வாட்சனும் கிறிக்கும் தாமே 1953-இல் எழுதிய இரண்டாம் கட்டுரையில் ஒப்புக்கொண்டனர். 1954-இல் மாக்ஸ் டெல்புறூக் என்னும் அறிஞர், இவ்வளவு சுற்றுக்களை அவிழ்ப்பது எளிதன்று என எடுத்துக்காட்டி, வேறு வழியில் படியெடுத்தல் நிகழக்கூடும் என்று வாதிட்டார். எனினும் 1958-இல் மெசல்சன், ஸ்ரால் ஆகிய இருவரும் நிகழ்த்திய பரிசோதனை, பழைய இழைகள் பிரிந்து ஒவ்வொன்றும் ஒரு புதிய இழையோடு இணைகின்றது என்பதை ஐயந்திரிபற நிறுவிற்று. இழைகள் பிரிகின்றன என்பது உறுதியாயிற்று. பிரிப்பது யார் என்பது மாத்திரம் எஞ்சியது.

புதிய இழையைக் கோக்கும் நொதியமாகிய டி. என். ஏ. பொலிமரேசை ஆதர் கோண்பேர்க் 1956-இல் கண்டறிந்து, 1959-இல் நோபெல் பரிசு பெற்றார். ஆனால் இப்பொலிமரேசு, திறந்து கிடக்கும் ஏட்டைப் பார்த்துப் படியெடுக்கும் எழுத்தாளனைப் போன்றது. கட்டியிருக்கும் சுவடியை அவிழ்த்துக் கொடுக்க வேறொருவர் வேண்டும். 1976-ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலே ஹார்ட்மூட் ஹொவ்மன்-பேர்லிங் என்பாரின் ஆய்வுகூடத்தில், எசரிக்கியா கோலை என்ற பற்றீரியாவிலிருந்து இரட்டை இழையைப் பிரிக்கவல்ல நொதியம் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அந்நொதியம் ஒரு பற்றீரியாவிலிருந்து மற்றொன்றுக்கு டி. என். ஏ. கடத்தப்படும்போது பணியாற்றுவது என்பது பின்னர்த் தெரியவந்தது. பற்றீரியாவின் முழுப் பரம்பரைத் தொகுதியும் படியெடுக்கப்படுகையில் இழையைப் பிரிப்பது டி. என். ஏ. பி. என்று குறிக்கப்படும் வேறொரு புரதம் என்பதை 1986-இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெபோவிற்ஸ், மக்மாக்கன் ஆகியோர் காட்டினர்.

இனி, இந்நொதியத்தின் உருவத்தைக் காண்போர்க்கு முதலிற் புலப்படுவது, அது வளைய வடிவினது என்பதே. ஒரே வகையான ஆறு புரத மூலக்கூறுகள் கைகோத்து வட்டமாக நின்றாற்போல அமைந்து, நடுவே ஒரு துளையை உடையனவாக இருக்கின்றன. பற்றீரியாவைத் தாக்கும் ரி-7 என்னும் வைரசின் ஹெலிக்கேசும் இத்தகையதே. அது தனியிழை டி. என். ஏ.யைச் சூழ்ந்து வளையமாக நிற்பதை எட்வர்ட் எகெல்மன், ஸ்மிதா பட்டேல் முதலியோர் 1995-இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு கண்டனர். இழை நடுத்துளையினூடே செல்ல, வளையம் அவ்விழைமேல் ஓடுகின்றது, நூலிற் கோத்த மணி நூல்மேல் ஓடுவது போல.

வளையமாக அமைந்ததன் பயன் யாது? ஹெலிக்கேசுகள் யாவும் வளையங்கள் அல்ல. டி. என். ஏ.யிற் சேதமுற்ற சிறு பகுதிகளைச் செப்பனிடும் பணியில் உதவும் சில ஹெலிக்கேசுகள் தனி மூலக்கூறுகளாகவே தொழிற்படுகின்றன. அத்தகைய ஒன்றின் முழு உருவம் 1996-இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் எக்ஸ்-கதிர்ப் பளிங்கு ஆய்வினால் வெளிப்பட்டது. ஹெலிக்கேசு ஒன்றின் உருவம் அணு அளவில் அறியப்பட்டது அதுவே முதன்முறை. அது இழையைப் பற்றிக்கொண்டு, புழுவொன்று உடலை மடக்கியும் நீட்டியும் ஊர்வதுபோல முன்னேறுகின்றது. சிறிது தூரம் சென்றபின் பிடி நழுவி விழுந்து விடுவதும் உண்டு. சிறு பகுதியைச் செப்பனிடுவதற்கு அது போதும். ஆனால் பற்றீரியாவின் பரம்பரைத் தொகுதியைப் படியெடுப்பதற்கோ, ஏறக்குறைய 46 இலட்சம் மூலச் சோடிகள் பிரிக்கப்பட வேண்டும். ஓரிடத்தில் தொடங்கி இரு திசைகளிலும் செல்லும் இரண்டு ஹெலிக்கேசுகள், ஒவ்வொன்றும் 23 இலட்சம் சோடிகளை இடைவிடாது பிரித்துச் செல்ல வேண்டும். நடுவழியிற் பிடி நழுவினால் படியெடுத்தல் நின்றுபோகும். கையாற் பற்றியவன் பிடியை விட்டுவிடக் கூடும். கழுத்தைச் சூழ்ந்த மாலையோ, அறுந்தாலன்றி விழாது. வளைய அமைப்பு இவ்வுறுதியை அளிக்கின்றது.

வளையத்தின் இரண்டாவது பயன், இழைகளைப் பிரிக்கும் முறையிலேயே காணப்படுகின்றது. வளையத்தின் நடுத்துளையினுள் ஓர் இழை மாத்திரமே புகுகின்றது. மற்ற இழை வெளியே ஒதுக்கப்படுகின்றது. உள்ளே புகுந்த இழையைப் பற்றி வளையம் முன்னோக்கிச் செல்லச் செல்ல, வெளியே நிற்கும் இழை தன் துணையிலிருந்து வலிந்து விலக்கப்படுகின்றது. ஐதரசன் பிணைப்புக்களை ஒவ்வொன்றாக வெட்டுவதற்குத் தனியானதொரு கத்தி தேவையில்லை. ஓர் இழைக்கு வழிவிட்டு மற்ற இழைக்கு வழி மறுக்கும் துளையே ஆப்பாக நின்று பிரிக்கின்றது. விறகு பிளப்பவன் இறுக்கிய ஆப்பு முன்னேறுங்கால் மரம் இருபுறமும் விலகுவதை இதற்கு ஒப்பிடலாம்.

வளையம் முன்னேறுவதற்கு வலு வேண்டும். அவ்வலுவை வழங்குவது, கலத்தின் பொது நாணயம் எனத்தக்க அடினோசின் முப்பொசுபேற்று. சுருக்கமாக ஏ. ரி. பி. எனப்படும் இம்மூலக்கூறு நீரோடு வினைப்பட்டு ஒரு பொசுபேற்றுக் கூற்றை இழக்கும்போது வலு வெளிப்படுகின்றது. ஹெலிக்கேசு வளையத்தில் ஏ. ரி. பி. சென்று அமரும் இடம், ஆறு புரதங்களில் எந்த ஒன்றின் நடுவிலும் இல்லை. அடுத்தடுத்துள்ள இரண்டு புரதங்கள் சந்திக்கும் இடுக்கிலேயே அது அமர்கின்றது. ஒரு புரதம் ஏ. ரி. பி.யின் பொசுபேற்றுக்களை ஏந்தும் வளைந்த கையை நீட்ட, பக்கத்துப் புரதம் ஆர்ஜினின் என்னும் அமினோவமிலத்தை ஒரு விரல்போல நீட்டி அவ்வினையை முடித்து வைக்கின்றது. அறிஞர் இதனை ஆர்ஜினின் விரல் என்றே அழைக்கின்றனர். ஆகவே தனித்து நிற்கும் ஒரு புரதத்தால் இவ்வேலையைச் செவ்வனே செய்ய இயலாது. அயலவரின் விரல் வந்து பொருந்தினாலன்றி எரிபொருள் எரியாது. ஒன்றில் நிகழும் மாற்றம் அடுத்ததற்கும் தெரிவிக்கப்படுவதற்கு இவ்வமைப்பே காரணம். வளையத்தில் ஆறு இடுக்குகள் உள. ஆறும் ஒழுங்கு முறையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்படுகின்றன.

இவ்வொழுங்கு முறை எவ்வாறு இழையின் ஓட்டமாக மாறுகின்றது என்பதை 2006-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு தெளிவாக்கிற்று. மாடுகளில் மரு உண்டாக்கும் பப்பிலோமா வைரசின் ஈ-1 என்னும் ஹெலிக்கேசை, தனியிழை டி. என். ஏ.யைப் பற்றிய நிலையிலேயே பளிங்காக்கி, அதன் உருவத்தை எரிக் எனிமார்க், லியமோர் ஜொசுவா-ரோர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிறிங் ஹாபர் ஆய்வுகூடத்திற் கண்டறிந்தனர். ஆறு புரதங்களிலிருந்தும் நடுத்துளையை நோக்கி ஆறு சிறு கொக்கிகள் நீண்டிருந்தன. அவை ஒரே மட்டத்தில் இல்லாமல், சுழற்படியின் படிகள்போல ஒன்றுக்கொன்று சற்றுத் தாழ்ந்து சுற்றி அமைந்திருந்தன. ஒவ்வொரு கொக்கியும் இழையின் ஒவ்வோர் அலகிலுள்ள பொசுபேற்றைப் பற்றியிருந்தது. மேற்படியில் உள்ள புரதம் ஏ. ரி. பி.யை ஏந்தி நிற்கின்றது. அது வினைப்பட்டு முடியும் அளவுக்கேற்ப அதன் கொக்கி, பற்றிய அலகோடு படிப்படியாகக் கீழிறங்குகின்றது. அடிப்படியை அடைந்ததும் தன் பிடியை விட்டு, மீண்டும் மேலே சென்று, புதிய அலகொன்றைப் பற்றுகின்றது. ஆழ்ந்த கிணற்றில் நீர் அள்ளுவோர் கயிற்றை ஒரு கையால் இழுத்து, மறுகையால் மேலே பற்றி, முன்னைய கையை விடுவித்து மீண்டும் மேலே கொண்டு செல்வதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஈண்டு கைகள் இரண்டல்ல, ஆறு. எக்கணத்திலும் பல கைகள் கயிற்றைப் பற்றியே இருப்பதனால் அது நழுவுவதில்லை.

பற்றீரியாவின் டி. என். ஏ. பி. வளையமும் இத்தகைய சுழற்படி முறையைக் கைக்கொள்கின்றது என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஸ்ரைற்ஸ் குழுவினர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இங்கே ஒவ்வோர் எட்டுக்கும் இழையின் இரண்டு அலகுகள் கடக்கப்படுகின்றன. இன்னொரு வேறுபாடும் குறிப்பிடத்தக்கது. டி. என். ஏ. இழை ஒவ்வொன்றுக்கும் திசை உண்டு. அதன் வெல்லக் கூற்றிலுள்ள காபன் அணுக்களுக்கு இட்ட எண்களைக் கொண்டு ஒரு முனையை ஐந்தாம் முனை என்றும் மறு முனையை மூன்றாம் முனை என்றும் வழங்குவர். பற்றீரியாவின் வளையம் ஐந்தாம் முனையிலிருந்து மூன்றாம் முனையை நோக்கிச் செல்கின்றது. பப்பிலோமா வைரசின் வளையமும், மதுவம் முதல் மனிதன் ஈறாகக் கருவுள்ள கலங்களையுடைய உயிர்களின் வளையமும் எதிர்த்திசையிற் செல்கின்றன. இரட்டைச் சுருளின் இரு இழைகளும் எதிரெதிர்த் திசையின ஆதலால், பற்றீரியாவின் வளையம் பற்றும் இழை ஒன்று, மனிதனின் வளையம் பற்றும் இழை மற்றொன்று. புரதங்களின் மடிப்பும் இரு சாராரிடையே வேறுபடுகின்றது. வேறுபட்ட புரதக் குடும்பங்கள் இரண்டு, ஒரே பணிக்காக ஆறு உறுப்புக் கொண்ட வளையம் என்னும் ஒரே வடிவத்தை மேற்கொண்டிருப்பது, அப்பணிக்கு அவ்வடிவம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதைப் புலப்படுத்துகின்றது.

வேகத்தையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். பற்றீரியாவில் வளையம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 1,000 சோடிகளைப் பிரிக்கின்றது. அதனால் 46 இலட்சம் சோடிகளும் சுமார் 40 நிமிடத்தில் முடிகின்றன. வளையம் தனித்து இவ்வேகத்தை அடைவதில்லை. பின்னே வரும் பொலிமரேசுடன் அது வேறொரு புரதத்தின் வாயிலாக இணைக்கப்பட்டிருக்கும்போதே இவ்விரைவு கைகூடுகின்றது என்று 1996-இல் காட்டப்பட்டது. இனி, செக்கனுக்கு 1,000 சோடி என்றால், முன்னேயுள்ள சுருளில் செக்கனுக்கு ஏறத்தாழ 95 சுற்றுக்கள் அவிழ வேண்டும். இரண்டு புரிகளால் முறுக்கிய தும்புக் கயிற்றின் ஒரு முனையை இறுகக் கட்டிவிட்டு, மறு முனையிலிருந்து புரிகளை விரைந்து பிரித்தால், பிரியாத பகுதியில் முறுக்கு மிகுந்து கயிறு சுருண்டு மடிந்து விடும். டி. என். ஏ.யிலும் இதுவே நேரும். இம்மிகை முறுக்கை நீக்குவதற்கென இழையை வெட்டி, முறுக்கை விடுவித்து, மீண்டும் ஒட்டிவிடும் வேறு நொதியங்கள் உள. அவற்றுள் ஒன்றாகிய கைரேசு 1976-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சிப்புறோபுளொக்சசின் முதலான மருந்துகள் பற்றீரியாவைக் கொல்வது இந்நொதியத்தைத் தாக்குவதனாலேயாம். டெல்புறூக் எழுப்பிய தடைக்கு இவ்வாறு இரு நொதியங்கள் கூடி விடையிறுத்தன.

வளைய அமைப்பின் நன்மைகள் இவையாக, அதே அமைப்பிலிருந்து ஓர் இடரும் பிறக்கின்றது. மூடிய வளையத்தை நெடிய இழைமேல் எவ்வாறு ஏற்றுவது? எசரிக்கியா கோலையின் டி. என். ஏ.யோ முனையே இல்லாத வட்டம். நூலின் முனையிலிருந்து மணியைக் கோப்பதுபோல இங்கே கோக்க முடியாது. மனிதனின் நிறமூர்த்தங்களுக்கு முனை உண்டெனினும், படியெடுத்தல் தொடங்குவது முனையில் அன்று, நடுவே உள்ள ஆயிரக்கணக்கான இடங்களில். ஆதலின் வளையத்தைத் திறந்து, இழையை உள்ளே விட்டு, மீண்டும் மூட வேண்டும். தானே திறந்துகொள்ளும் வளையமாயின் தானே கழன்றும் விடும். எனவே திறக்கும் பணி வேறு புரதங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. எசரிக்கியா கோலையில் டி. என். ஏ. சி. என்னும் புரதம் வளையத்தைப் பற்றி ஒரு பக்கத்தில் விரியச் செய்கின்றது. இழை உட்புகுந்ததும் அப்புரதம் அகல, வளையம் மூடிக்கொள்கின்றது.

கருவுள்ள கலங்களில் இம்முறை இன்னும் நுட்பமானது. அவற்றின் வளையம் எம். சி. எம். எனப்படும். அதன் ஆறு உறுப்புக்களும் ஒரே புரதத்தின் ஆறு படிகள் அல்ல. இரண்டு முதல் ஏழு வரை எண்ணிடப்பட்ட வெவ்வேறான ஆறு புரதங்கள் அவை. மதுவத்தில் இப்புரதங்களின் பரம்பரையலகுகளைத் தேடும் பணியை பிக் ரை என்னும் பெண் அறிஞர் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு தொடக்கி வைத்தது. உறுப்புக்கள் வெவ்வேறாக இருப்பதனால் வளையத்தின் ஒவ்வொரு மூட்டும் வெவ்வேறு தன்மையுடையது. இரண்டாம் எண் புரதமும் ஐந்தாம் எண் புரதமும் சந்திக்கும் மூட்டே வளையத்தின் வாயில். அதன் வழியாகவே இழை உட்புகுகின்றது. படியெடுத்தல் தொடங்கும் இடத்தைக் கண்டு அங்கே அமரும் ஓ. ஆர். சி. என்னும் புரதக் கூட்டம், துணைப் புரதங்கள் இரண்டுடன் சேர்ந்து, வளையத்தை இரட்டை இழைமேல் ஏற்றி மூடுகின்றது. அவ்வாறு ஒன்றல்ல, இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பொருந்த ஏற்றப்படுகின்றன என்று 2009-இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின. அவற்றின் அணு அளவிலான உருவம் குளிரூட்டிய இலத்திரன் நுணுக்குக்காட்டியினால் 2015-இல் வெளியாயிற்று.

இந்நிலையில் வளையங்கள் ஏறியுள்ளன, ஆனால் இயங்கவில்லை. இதிலேதான் கலத்தின் காவல் முறை அமைந்திருக்கின்றது. பரம்பரைத் தொகுதியின் ஒவ்வொரு பகுதியும் ஒரு கலப்பிரிவுக்கு ஒரு முறை மாத்திரமே படியெடுக்கப்பட வேண்டும். ஒரு முறைக்குக் குறைந்தால் பிறக்கும் கலம் செய்தியை இழக்கும். ஒரு முறைக்கு மிகுந்தால் இழை சிதைவுற்று, சில பரம்பரையலகுகள் அளவுக்கு மீறிப் பெருகும். புற்றுநோய்க் கலங்களிற் காணப்படும் ஒழுங்கின்மைகளில் இத்தகைய பெருக்கமும் ஒன்று. இதைத் தவிர்ப்பதற்காகக் கலம் இரு பருவங்களை வகுத்துள்ளது. முதற் பருவத்தில் வளையங்களை ஏற்றலாம், இயக்க முடியாது. இரண்டாம் பருவத்தில் ஏறிய வளையங்களை இயக்கலாம், புதிதாக ஏற்ற முடியாது. வளையத்தை ஏற்றும் துணைப் புரதங்களில் ஒன்று இரண்டாம் பருவத்திலே அழிக்கப்படுகின்றது. மேலும் 1998-இல் கண்டறியப்பட்ட ஜெமினின் என்னும் புரதம் அதனைப் பற்றிச் செயலிழக்கச் செய்கின்றது. வளையம் தானாக இழைமேல் ஏறாது என்ற குறையே, இவ்வாறு இரண்டாம் முறை படியெடுத்தலைத் தடுக்கும் பூட்டாகப் பயன்படுகின்றது. நுழைவுச் சீட்டு ஒரு முறைக்கே செல்லும் என்ற விதியைப்போல, ஏறிய வளையம் ஒரு முறை ஓடி முடிந்ததும் அதன் உரிமையும் முடிந்து விடுகின்றது.

இரண்டாம் பருவம் தொடங்கியதும் சில நொதியங்கள் வளையங்களிற் பொசுபேற்றுக்களைச் சேர்க்கின்றன. சி. டி. சி. 45 என்னும் புரதமும், கின்ஸ் என்னும் நான்கு உறுப்புக் கூட்டமும் ஒவ்வொரு வளையத்தோடும் வந்து இணைகின்றன. இம்மூன்றின் சேர்க்கையே இயங்கும் ஹெலிக்கேசு என்பதை 2006-இல் மைக்கேல் பொச்சன் குழுவினர் வெளியிட்டனர். வந்து சேர்ந்த புரதங்கள் வளையத்தின் வாயிலருகே அமர்ந்து அதற்குத் தாழ்ப்பாள்போல் உதவுகின்றன. இதற்கிடையே வளையம் மீண்டும் ஒருமுறை திறந்து, உள்ளிருக்கும் இரண்டு இழைகளில் ஒன்றை வெளியே விட்டாக வேண்டும். அதன் பின்னரே, முகத்தோடு முகம் நின்ற இரு வளையங்களும் ஒன்றையொன்று கடந்து எதிரெதிர்த் திசைகளில் ஓடத் தொடங்குகின்றன. இரண்டும் இன்னும் இரட்டை இழையைச் சூழ்ந்தே இருந்தால் ஒன்றையொன்று கடக்க இயலாது. ஆகவே இழையைப் பிரித்து முடிக்காத வளையம் புறப்பட்டு விடாமல் தடுக்கும் ஏற்பாடாக இம்முறையை அறிஞர் கருதுகின்றனர். ஓட்டம் முடிந்து எதிரே வரும் மற்றொரு வளையத்தைச் சந்தித்ததும், ஏழாம் எண் புரதத்தில் யுபிக்குயிற்றின் என்னும் அடையாளம் ஒட்டப்பட்டு, வேறொரு நொதியத்தின் துணையால் வளையம் பிரித்தெடுக்கப்படுகின்றது. இது 2014-இல் அறியப்பட்டது. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் பிறர் துணை வேண்டியதாயிருப்பது, மூடிய வளையத்தின் இயல்பிலிருந்தே பின்தொடர்வது என்பதை இங்கே காணலாம்.

உருவத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் தொழில் குன்றும் என்பதற்கு மருத்துவத்தில் எடுத்துக்காட்டுக்கள் உள. கலத்தின் வலுவுலையாகிய இழைமணிக்குத் தனியாகச் சிறிய டி. என். ஏ. உண்டு. அதனைப் பிரிக்கும் வளையத்திற்கு விண்மீனின் மினுமினுப்பைக் குறிக்கும் ருவிங்கிள் என்ற ஆங்கிலப் பெயர் வழங்குகின்றது. பற்றீரியாவைத் தாக்கும் ரி-7 வைரசின் ஹெலிக்கேசோடு இது பெரிதும் ஒத்திருப்பதைக் கொண்டே 2001-இல் இது இனங்காணப்பட்டது. இதன் பரம்பரையலகில் விகாரம் நேர்ந்த குடும்பங்களில், வயதுவந்தபின் கண்ணிமைகள் தொய்வதும் கண்களை அசைக்கும் தசைகள் தளர்வதும் பரம்பரையாகத் தொடர்கின்றன. அவர்களுடைய தசைகளில் உள்ள இழைமணி டி. என். ஏ. பகுதி பகுதியாக அறுபட்டுக் காணப்படுகின்றது. அவ்விகாரங்களுட் பல, வளையத்தின் ஓர் உறுப்பை அடுத்த உறுப்போடு பிணைக்கும் இணைப்புப் பகுதியிலேயே நிகழ்ந்துள்ளன. கைகோத்து நிற்கும் ஆறுபேரிற் பிடி தளர்ந்தால் வட்டம் குலையும். அவ்வாறு குலைந்த வட்டத்தின் விளைவையே அந்நோயாளரின் முகத்திற் காண்கின்றோர் மருத்துவர். வளையத்தை ஏற்றும் புரதங்களின் பரம்பரையலகுகளில் விகாரம் நேர்ந்தால், மையர்-கோர்லின் நோய் என்னும் அரிய குறைபாடு தோன்றுகின்றது என்பது 2011-இல் வெளியாயிற்று. அந்நோயுள்ள குழந்தைகள் உயரத்திற் குறைந்தவர்களாயும், சிறிய செவிகள் உடையவர்களாயும், முழங்காற் சில்லு சிறுத்தவர்களாயும் அல்லது இல்லாதவர்களாயும் பிறக்கின்றனர்.

இவ்வறிவு நோயை அறிவதற்கும் தீர்ப்பதற்கும் பயன்பட்டு வருகின்றது. பிரியும் இயல்புள்ள கலங்களில் எம். சி. எம். புரதங்கள் நிறைந்திருக்கும். பிரிதலை நிறுத்தி அமைதியுற்ற கலங்களில் அவை மறைந்துவிடும். இயல்பாக அமைதியுற்றிருக்க வேண்டிய மேற்படைக் கலங்களில் இப்புரதங்கள் தென்படுமாயின், அங்கே வரம்பு மீறிய பெருக்கம் நிகழ்கின்றது என ஐயுறலாம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தொடக்கத்திலே கண்டறியும் சில சோதனைகள் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டவை. மருந்துத் துறையிலும் ஒரு வெற்றி உண்டு. கொப்புளிப்பான் நோயை உண்டாக்கும் வைரசு, நோய் தீர்ந்தபின்னும் நரம்புக் கலங்களில் உறங்கிக் கிடந்து, முதுமையில் அக்கியாக வெளிப்படும். அவ்வைரசின் ஹெலிக்கேசு ஆறு உறுப்பு வளையம் அன்று. மூன்று புரதங்கள் கூடிய ஒரு சேர்க்கையின் பகுதியாகும். மனிதனின் வளையத்தினின்றும் உருவத்தில் அது வேறுபட்டிருப்பதனாலேயே, மனிதக் கலத்திற்கு ஊறின்றி வைரசினதை மாத்திரம் தடுக்கும் மருந்தைத் தேட முடிந்தது. அமெனமெவிர் என்னும் அத்தகைய மருந்து, அக்கிக்கு வழங்குவதற்கென 2017-ஆம் ஆண்டில் ஜப்பானில் அனுமதிக்கப்பட்டது.

இன்று காலை எழுந்தது முதல் இதுவரை, நேயர் ஒவ்வொருவரின் எலும்பு மச்சையிலும் தோலிலும் குடலின் உட்சுவரிலும் எண்ணிறந்த கலங்கள் தம் டி. என். ஏ.யைப் படியெடுத்து முடித்திருக்கும். அவை ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வளையங்கள் ஏற்றப்பட்டு, உரிய நேரத்தில் இயக்கப்பட்டு, ஒரு முறை மாத்திரமே ஓடி, கழற்றப்பட்டிருக்கும். புண் ஆறுவதும் குருதி புதுப்பிக்கப்படுவதும் குழந்தை வளர்வதும் இப்பணி ஒழுங்காக நடைபெறுவதனாலேயே. இழைகள் பிரிவது எங்ஙனம் என்று 1954-இல் எழுப்பப்பட்ட ஐயத்துக்கு விடை காண அறிஞர் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தனர். அவ்வுழைப்பின் பயன் நோயாளரின் படுக்கையருகே வந்து சேரத் தொடங்கியிருக்கின்றது.